தலை போன பிறகும் கோழிக்குடல் நெளிவது ஏன்?

ஜூன் 8, ஞாயிறு, காலை 11.20 (ஒரு வாசகரின் கேள்வி)

இன்று கறிக்கடையில் பார்த்தது. கோழியை அறுத்து, தலை ஒரு பக்கம் போய், இறகெல்லாம் உரித்து முடித்து அஞ்சு நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கும். கடைக்காரர் குடலை உருவித் தட்டில் போட்டார். அது மண்புழு மாதிரி மெதுவாக நெளிந்துகொண்டே இருந்தது. "உயிர் இன்னும் அடங்கலை சார்" என்றார். மூளையே இல்லாதபோது குடலை ஆட்டுவது யார்? கோழிக்கு மட்டும் இப்படியா, மாடு, மீன், மனிதன் எல்லாருக்குமா?

ஜூன் 8, இரவு 9.45

முப்பது வருடமாகக் கால்நடை வைத்தியம் பார்க்கிறேன், இதற்கு நான் பதில் சொல்லலாம்.

குடலுக்குச் சொந்தமாக நரம்பு வலை இருக்கிறது. குடல் சுவரில் தசை இரண்டு அடுக்கு. உள்ளே இருப்பது வளையம் வளையமாகச் சுற்றியது, வெளியே இருப்பது நீளவாக்கில் ஓடுவது. இரண்டுக்கும் நடுவில் ஒரு நரம்பு வலை. 1860களில் அவர்பாக் என்ற ஜெர்மன் மருத்துவர் கண்டு சொன்னது. அதற்குச் சில ஆண்டு முன்பே, 1857இல், மைஸ்னர் என்பவர் உள்தோலுக்கு அடியில் இன்னொரு வலையைக் கண்டிருந்தார். மனிதக் குடலில் இந்த நரம்பு செல்கள் 10 கோடிக்கு மேல். மூளையிலிருந்து வேகஸ் நரம்பு வழியாக வயிற்றுக்கு இறங்கும் இழைகளோ சில ஆயிரம்தான். அந்த நரம்பின் பெரும்பகுதி வயிற்றுச் செய்தியை மேலே மூளைக்குக் கொண்டுபோகிறது. உத்தரவு கொண்டுவரும் இழைகள் கொஞ்சம். சில ஆயிரம் இழைகளை வைத்துக்கொண்டு 10 கோடி செல்லையும் ஒவ்வொன்றாக அதட்டி வேலை வாங்க முடியாது.

1899இல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இரண்டு பேர் இதை நாயின் குடலில் காட்டினார்கள். வெளியிலிருந்து குடலுக்கு வரும் நரம்புகளை எல்லாம் அறுத்துவிட்டு, குடலின் ஓரிடத்தில் ஒரு தூண்டல் கொடுத்தார்கள். தூண்டிய இடத்துக்கு மேல்பக்கம் சுருங்கியது, கீழ்ப்பக்கம் தளர்ந்தது. உள்ளே இருக்கும் உருண்டை பின்னாலிருந்து தள்ளப்படுகிறது, முன்னால் வழியும் விடப்படுகிறது. மூளைக்கு இதில் வேலையே இல்லை. இதைக் 'குடலின் விதி' என்றே எழுதினார்கள். (இதே இருவர்தான் 1902இல் செக்ரெட்டின் என்ற குடல் சுரப்பைக் கண்டுபிடித்தார்கள். ஹார்மோன் என்ற சொல்லே அதன் பிறகு ஸ்டார்லிங் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது.)

நான் இதைக் கண்ணால் பார்த்தது கல்லூரி இரண்டாம் ஆண்டில், மருந்தியல் செய்முறை வகுப்பில். முயல் குடலில் ஒரு அங்குலத் துண்டு. மேலும் கீழும் நூல் கட்டி, டைரோடு கரைசல் என்ற உப்புநீர் நிறைந்த கண்ணாடிக் குழாயில் தொங்கவிடுவோம். 37 டிகிரி சூடு, அடியிலிருந்து காற்றுக் குமிழி. மேல்நூல் ஒரு நெம்புகோலில். நெம்புகோலின் முனை, புகை பிடித்த தாள் சுற்றிய உருளையை உரசிக்கொண்டிருக்கும். உருளை மெதுவாகச் சுற்றும். கரிய தாளில் வெள்ளைக் கோடு ஏறும், இறங்கும், ஏறும், இறங்கும். உடம்பில்லை, மூளையில்லை, ஒரு அங்குலக் குடல் தன்பாட்டுக்கு ஆடும். தசையைத் தூண்ட நரம்பு விடும் பொருளான அசிட்டைல்கோலினை ஒரு துளி விட்டால் கோடு விர்ரென்று மேலே போகும். அட்ரினலின் விட்டால் ஆட்டம் அடங்கிக் கோடு கீழே படுத்துவிடும். அப்புறம் கழுவிவிட்டால் மறுபடி பழைய ஆட்டம். மணி அடித்த பிறகும் நான் உருளையைப் பார்த்துக்கொண்டே நின்றிருந்தேன்.

ஆக, உங்கள் கோழிக்குடலை ஆட்டியது அதன் சொந்த நரம்பு வலை. முதுகெலும்பு உள்ள பிராணி எல்லாவற்றுக்கும் இது உண்டு.

ஜூன் 8, இரவு 11.10

படுக்கப் போனவன் எழுந்து வந்து எழுதுகிறேன். மேலே "மூளைக்கு இதில் வேலையே இல்லை" என்று பொதுவாகப் போட்டது தப்பு. உணவுக்குழாயை மறந்துவிட்டேன். நாய்க்கும் மாட்டுக்கும் உணவுக்குழாய் முழுக்க வரித்தசை, அதாவது கை கால் தசையின் இனம். மூளை சொன்னால்தான் அது சுருங்கும். பூனைக்குக் கீழ் மூன்றில் ஒரு பங்கு வரியற்ற தசை, அதாவது குடல் தசையின் இனம். மனிதனுக்கு மேலே கொஞ்சம் வரித்தசை, கீழ்ப்பாதி வரியற்றது. கோழிக்கு முழுக்க வரியற்றது. நாய்க்கு அந்த நரம்பு கெட்டால் உணவுக்குழாய் பை மாதிரித் தொங்கிப்போய், தின்ற சோறு அப்படியே திரும்பி வரும். அப்படிப்பட்ட நாய்களை உயரமான பலகையில் முன்னங்காலை வைக்கச் சொல்லி நின்ற வாக்கில் ஊட்டச் சொல்வோம். தசை செய்யாத வேலையை பூமி இழுத்துச் செய்கிறது.

ஜூன் 10, காலை 6.30

மாட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், அதைச் சொல்லாமல் விட்டால் பாதி சொன்னதுதான்.

மாட்டின் இடப்பக்கம், கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே ஒரு குழிவு தெரியும். அங்கே கையை முஷ்டியாக மடக்கி அழுத்தி வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பாருங்கள். முதலில் ஒன்றும் தெரியாது, ரோமத்தின் சூடு மட்டும். அப்புறம் உள்ளேயிருந்து ஏதோ உருண்டு மேலெழும். முஷ்டி வெளியே தள்ளப்படும், மெல்ல இறங்கும். தூரத்தில் மேகம் உருளும் ஓசை ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும். நல்ல மாட்டில் இது நிமிடத்துக்கு ஒன்று, தீனி தின்னும்போது இன்னும் வேகம். இரண்டு நிமிடம் கையை வைத்தும் எதுவும் வரவில்லை என்றால் எனக்கு வயிற்றைப் புரட்டும்.

அந்த உருளல் முதல் வயிற்றின், அதாவது தீனி ஊறும் பெரிய அறையின் சுருக்கம். சுற்று தொடங்குவது அதற்கு முன்பக்கம் ஒட்டியிருக்கும் இரண்டாம் அறையான தேன்கூட்டு வயிற்றில், அடுத்தடுத்து இரண்டு இழுப்பாக. பிறகு அலை பின்னால் போகும். அசை போடும் சமயத்தில் இந்த இரண்டு இழுப்புக்கு முன்னால் கூடுதலாக ஒன்று வரும், அதில்தான் கவளம் வாய்க்கு ஏறும். ஏப்பத்துக்குத் தனிச் சுருக்கம்.

இந்த ஏற்பாடு முழுவதும் மூளைத்தண்டிலிருந்து வேகஸ் வழியாக நடக்கிறது. இரண்டு பக்க வேகஸையும் அறுத்தால் இந்தச் சுற்று நின்றுவிடும். சுவரில் சொந்த வலை அங்கேயும் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அதனால் இதை நடத்த முடியாது. அதே மாட்டின் சிறுகுடல் வேகஸ் இல்லாமலும் பிழைத்துக்கொள்ளும். ஒரே உடம்பில், ஒரே குழாயில், முன்பகுதி மூளைக்கு அடிமை, பின்பகுதி சுதந்திரம்.

ஏன் இப்படி? எனக்குத் தோன்றும் காரணம் இது. முன்வயிறு செய்யும் வேலை கீழே தள்ளுவது மட்டும் அல்ல. கலக்க வேண்டும், வாய்க்குத் திருப்பி அனுப்ப வேண்டும், ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான லிட்டர் வாயுவை ஏப்பமாக விட வேண்டும். வாய், தொண்டை, மூச்சு எல்லாம் இதோடு ஒத்துப்போக வேண்டும். அவை எல்லாம் மூளையின் கையில் இருப்பவை.

அந்த ஏப்பத்துக்கு ஒரு பாதுகாப்பும் இருக்கிறது. உணவுக்குழாய் திறக்கும் இடத்தைத் திரவம் மூடியிருந்தால் ஏப்பம் வராது. நீர் மேலேறி நுரையீரலுக்குள் போய்விடக் கூடாது என்று நரம்பு தடுக்கிறது. அதனால்தான் பக்கவாட்டில் விழுந்து எழ முடியாமல் கிடக்கும் மாடு உப்புசத்தில் செத்துப்போகிறது. முதலில் மாட்டை நிமிர்த்தி நெஞ்சின் மேல் உட்கார வையுங்கள் என்று போனில் கத்துவது இதற்காகத்தான்.

ஜூன் 10, மதியம் 2.05

கம்பி விழுங்கிய மாடு பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். ஆமாம், இதே நரம்புதான். மாடு மென்று பார்த்து விழுங்குவதில்லை. கட்டுக்கம்பித் துண்டோ ஆணியோ தீவனத்தோடு போய்த் தேன்கூட்டு வயிற்றில் தங்கும். அங்கே நடக்கும் இரட்டை இழுப்பே அதைச் சுவரில் குத்திவிடும். சீழ் பிடித்து, சுற்றி ஒட்டிக்கொண்டு, வேகஸின் கிளைகள் அதில் சிக்கினால் வயிறு காலியாகாது. பின்னாலிருந்து பார்த்தால் இடப்பக்கம் மேலும் கீழும் உப்பி, வலப்பக்கம் கீழே மட்டும் உப்பியிருக்கும். 1940இல் ஸ்வீடனில் ஹோஃப்லுண்ட் என்பவர் மாடுகளில் வேகஸின் கிளைகளை ஒவ்வொன்றாக அறுத்துப் பார்த்து, எந்தக் கிளை போனால் எங்கே தேங்குகிறது என்று எழுதினார். இன்றும் அவர் பெயரில்தான் அந்த நோய்.

இதில் எனக்கு ஒன்று ரொம்ப நாள் புரியாமல் இருந்தது. இந்த மாடுகளில் சிலவற்றில் முதல் வயிறு ஓய்ந்து கிடக்காது. வழக்கத்தைவிட அடிக்கடி சுருங்கும், ஆனால் சத்தமே வராது, எதுவும் நகராது. நரம்பு கெட்டால் ஆட்டம் குறையும் என்றுதானே நினைப்போம்.

ஜூன் 13, இரவு 10.30

அதே கேள்வியைத் தலைகீழாக ஒரு பொறியாளர் போட்டிருக்கிறார். "வயரை வெட்டினால் ஃபேன் நிற்கும். குடலிலேயே நரம்பு இல்லாத இடம் தொளதொளவென்று கிடக்கும், அவ்வளவுதானே?"

இல்லை. நேர் எதிர். இதை நான் புத்தகத்தில் படித்தபோது புரியவில்லை, வீட்டில் வந்தபோது புரிந்தது.

என் தங்கை மகன் பிறந்து இரண்டு நாள் ஆகியும் முதல் கறுப்பு மலம் போகவில்லை. பெரும்பாலான குழந்தைகள் முதல் நாளிலேயே போய்விடும். வயிறு தவில் மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் பச்சையாக வாந்தி. முதலில் பார்த்த இடத்தில் பொறுத்துப் பார்க்கலாம் என்றார்கள். கன்றுக்குட்டிக்கு இப்படி என்றால் நான் பொறுத்திருக்க மாட்டேன். ஆனால் மனிதக் குழந்தை, நமக்கென்ன தெரியும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்த ஒரு நாளை நினைத்தால் இன்றும் தூக்கம் போகும். வேறு ஊருக்குக் கொண்டுபோனோம். அங்கே பேரியம் கொடுத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். மலக்குடலிலிருந்து ஒரு சிட்டிகைத் தசையை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். இருக்க வேண்டிய நரம்பு செல்கள் ஒன்றுகூட இல்லை. ஹிர்ஷ்ப்ருங் நோய். ஏறத்தாழ 5,000 குழந்தைக்கு ஒன்று.

எக்ஸ்ரே படத்தை எங்களுக்குக் காட்டினார்கள். மேலே குடல் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. கீழே, ஆசனவாய் வரை, ஒல்லியாக இறுகிய ஒரு பென்சில். நோய் எங்கே என்று என்னைக் கேட்டிருந்தால் வீங்கிய இடத்தைத்தான் காட்டியிருப்பேன். 1886இல் பெர்லினில் இதை விவரித்த கோபன்ஹேகன் குழந்தை மருத்துவர் ஹிர்ஷ்ப்ருங்கும் அப்படித்தான் நினைத்தார். வீங்கிய இடம் நல்ல குடல், அடைப்பை எதிர்த்துத் தள்ளித் தள்ளி வீங்கியது. நோய் அந்த ஒல்லியான பென்சிலில் இருக்கிறது. இது தெளிவாகி, 1948இல் ஸ்வென்சன் அந்த ஒல்லிப் பகுதியை வெட்டி நல்ல குடலைக் கீழே இழுத்துத் தைக்கும் அறுவையை எழுதும் வரை அறுபது வருடம் ஆயிற்று.

நரம்பில்லாத குடல் இறுகிக் கிடக்கிறது. விடத் தெரியவில்லை. பேலிஸ், ஸ்டார்லிங் சொன்னதில் 'கீழ்ப்பக்கம் தளரும்' என்று ஒரு பாதி இருந்ததே, அந்தப் பாதி இல்லாமல் போய்விட்டது. தளர்த்தும் நரம்பு செல்கள் நைட்ரிக் ஆக்சைடை விட்டுத் தசையை விரிக்கின்றன. அவை இல்லையென்றால் தசை பிடித்த பிடியை விடாது. உணவுக்குழாயின் அடிவாய் திறக்காமல் போகும் அக்கலேசியாவும் இதே கதைதான், அங்கே செத்துப்போவது தளர்த்தும் செல்கள்.

பையனுக்கு இப்போது பதினொரு வயது.

ஜூன் 14, காலை 7.00

பொறியாளர் தம்பி, உங்கள் உவமையை விட்டுவிட வேண்டாம், ஃபேனுக்குப் பதிலாக ரயில் பெட்டியின் பிரேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். காற்றழுத்தம் இருக்கும்வரை பிரேக் விட்டிருக்கும், குழாய் அறுந்தால் தானே பிடித்துக்கொள்ளும். அது பொருந்தும்.

ஜூன் 14, மாலை 5.40

குதிரையில் இதே நோய் இருக்கிறதா என்று கேட்டவருக்கு: இருக்கிறது, மனதைப் பிசையும் வடிவத்தில். அமெரிக்காவின் பெயின்ட் இனக் குதிரைகளில் ஓவரோ என்று ஒரு வகைத் திட்டு நிறம் உண்டு. இரண்டு ஓவரோக்களைச் சேர்த்தால் சில சமயம் முழு வெள்ளையாக, நீலக் கண்ணோடு ஒரு குட்டி பிறக்கும். எழுந்து நிற்கும், பால் குடிக்கும். சில மணி நேரத்தில் வயிற்று வலியில் புரள ஆரம்பித்து ஓரிரு நாளில் செத்துவிடும். குடலில் நரம்பு முடிச்சுகளே இருக்காது. 1998இல் மரபணுவைக் கண்டுபிடித்தார்கள், இப்போது சேர்க்கும் முன்பே சோதிக்கலாம். மனிதர்களில் ஹிர்ஷ்ப்ருங்கோடு தொடர்புள்ள மரபணுக்களில் ஒன்றுதான் அது.

மீனிலும் உண்டு. வரிக்குதிரை மீன் என்று ஆய்வுக்கூடங்களில் வளர்ப்பார்களே, நம் கங்கைச் சமவெளியின் சின்ன மீன், 1822இல் ஹாமில்டன் விவரித்தது. அதில் 'நிறமிலி' என்ற பொருளில் பெயர் வைத்த ஒரு திரிந்த வகை இருக்கிறது. தோலில் கறுப்பு நிறமி கிடையாது. குடலில் நரம்பு செல்லும் கிடையாது.

தோல் நிறத்துக்கும் குடல் நரம்புக்கும் என்ன சம்பந்தம் என்று அடுத்து கேட்பீர்கள். நாளை எழுதுகிறேன், இப்போது ஒரு கன்று ஈனும் வேலை.

ஜூன் 16, இரவு 9.15

ஒரு நாள் தள்ளிப்போயிற்று. கன்றும் தாயும் நலம்.

குடல் நரம்பு செல்கள் குடலில் பிறப்பதில்லை. கருவின் முதுகில், பின்னாளில் மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் குழாயின் விளிம்பில் 'நரம்பு முகடு' என்று ஒரு செல் கூட்டம் உண்டு. அங்கிருந்து கிளம்பி உடம்பு முழுக்க நடந்து போகும். சில தோலுக்குப் போய் நிறமி செல் ஆகும். சில குடலுக்குள் இறங்கி நரம்பு ஆகும். அதனால்தான் ஒரு கோளாறு இரண்டையும் ஒன்றாகப் பிடிக்கிறது.

இதைக் கண்டுபிடித்த விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1970களின் தொடக்கத்தில் பிரான்சில் நிக்கோல் லெ துவாரென் கோழிக் கருவில் காடைக் கருவின் ஒரு துண்டை ஒட்டவைத்தார். காடை செல்லின் உட்கரு மைக்ராஸ்கோப்பில் கோழி செல்லிலிருந்து வேறாகத் தெரியும். ஆகவே கோழியின் உடம்புக்குள் எந்தெந்த செல் காடையிலிருந்து வந்தது என்று அடையாளம் பார்த்துக்கொண்டே போகலாம். கழுத்துப் பக்கத்து முகட்டில் வைத்த காடை செல்கள் முன்குடலில் நுழைந்து, கீழே கீழே நடந்து, குடலின் கடைசி வரை போய் நின்றன. வால்பக்கத்திலிருந்து புறப்பட்டவை பின்குடலுக்கு மட்டும் கொஞ்சம் சேர்ந்தன.

கோழி முட்டையில் இந்த நடை முடிய ஏறத்தாழ எட்டாம் நாள் ஆகும். மனிதக் கருவில் நான்காம் வாரத்தில் தொடங்கி ஏழாம் வாரம் வரை. வழியில் நடை நின்றுபோனால் ஆளில்லாமல் போவது எப்போதும் கடைசிப் பகுதி. என் மருமகனுக்குப் பென்சில் கீழே இருந்ததன் காரணம் இதுதான்.

தாடையே இல்லாத லாம்ப்ரே மீனில் இந்தக் கழுத்துப்பக்க நடையே காணோம் என்று 2017இல் காட்டினார்கள். அங்கே உடலின் நடுப்பகுதி முகட்டிலிருந்து தண்டுவட நரம்புகளின் மேல் ஊர்ந்துவந்த செல்கள் குடல் நரம்பு ஆகின்றன. கழுத்திலிருந்து கிளம்பும் பெரும்படை தாடையுள்ள பிராணிகளில் பிறகு வந்த ஏற்பாடு என்று படுகிறது. மீன்களில் வலையும் எளிமை. வரிக்குதிரை மீனுக்கு மைஸ்னர் வலை கிடையாது, அவர்பாக் வலை மட்டும். அதன் குஞ்சு கண்ணாடி போல இருப்பதால் வயிற்றைக் கிழிக்காமலே குடல் அலையைப் பார்க்கலாம். நான்காம் நாள் அலை தெரியும், ஐந்தாம் நாள்தான் இரை எடுக்க ஆரம்பிக்கும்.

ஜூன் 19, காலை 5.50

இப்போது என் முதல் பதிலைத் திருத்த வேண்டும். "கோழிக்குடலை ஆட்டியது அதன் சொந்த நரம்பு வலை" என்று முடித்திருந்தேன். ஹிர்ஷ்ப்ருங் பற்றி எழுதிய பிறகு அந்த வரி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

செய்முறை வகுப்பில் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். அசிட்டைல்கோலினுக்குப் பிறகு அட்ரோபின் விடுவோம். அப்புறம் அசிட்டைல்கோலின் விட்டால் கோடு ஏறாது. ஆனால் முயல் குடலின் சாதாரண ஏற்ற இறக்கம் அட்ரோபின் விட்ட பிறகும் பெரும்பாலும் நடந்துகொண்டே இருக்கும். தூண்டும் நரம்பின் வாயை அடைத்த பிறகும் ஆட்டம் ஏன் நிற்கவில்லை? அன்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

தாளத்தைப் போடுவது வேறொரு கூட்டம். 1890களில் ஸ்பெயினின் நரம்பு ஆய்வாளர் கஹால் குடல் சுவரில் நட்சத்திரம் போன்ற சில செல்களைக் கண்டு, எளிய நரம்பு செல்கள் என்று எண்ணினார். அவை நரம்பு அல்ல. தசைக்குத் தாள மின்னலையைக் கொடுப்பவை அவைதான் என்பது 1990களில் அந்த செல் இல்லாத எலிகளை வைத்து உறுதியானது. மனித இரைப்பையில் நிமிடத்துக்கு 3 தாளம், சிறுகுடல் தொடக்கத்தில் 12. நாயின் இரைப்பையில் 5.

அதற்கும் முன்னால் தசை இருக்கிறது. கோழி முட்டையில் ஆறாம் நாளிலேயே குடல் நெளிய ஆரம்பித்துவிடுகிறது. நரம்பு செல்கள் அப்போது நடந்து முடிக்கவே இல்லை. தசை தன்னந்தனியாக ஆடுகிறது. நரம்பு அந்த ஆட்டத்தில் கை வைப்பது பொரிப்பதற்கு ஐந்தாறு நாள் இருக்கும்போதுதான்.

பூனைக் குடலில் நரம்பை மட்டும் ஊமையாக்கும் விஷத்தை, பேத்தை மீனின் விஷத்தை, விட்டுப் பார்த்திருக்கிறார்கள். வளையத் தசை அடங்கவில்லை, கூடுதலாகச் சுருங்கியது. சத்தமில்லாமல் வேகமாகச் சுருங்கிய அந்த மாட்டு வயிறு எனக்கு இங்கேதான் ஞாபகம் வந்தது. மாட்டில் காரணம் அதேதான் என்று சொல்ல மாட்டேன், ஆனால் இனி அது எனக்குப் புதிராக இல்லை.

ஆகவே திருத்திய பதில்: உங்கள் கோழியில் ஆடியது தசை, தாளம் போட்டது கஹால் செல்கள். நரம்பு வலை அந்த ஆட்டத்தைப் பெரும்பாலான நேரம் பிடித்து வைத்திருந்து, எங்கே விட வேண்டும் எப்போது விட வேண்டும் என்று பார்த்து விடுகிறது. அதற்கும் மேலே முதுகிலிருந்து வரும் சிம்பதெடிக் நரம்புகள் இன்னொரு பிடி. பேலிஸும் ஸ்டார்லிங்கும் வயிற்றைத் திறந்ததும் நாயின் குடல் அசையாமல் உறைந்துதான் கிடந்தது. அந்த நரம்புகளை அறுத்த பிறகே நன்றாக ஆட ஆரம்பித்தது. கோழிக்குத் தலை போனதும் மேல்பிடி போயிற்று. கடைக்காரர் சொன்னதும் முழுத் தப்பில்லை. ஆக்சிஜன் தீரும் வரை அந்த செல்கள் உயிரோடுதான் இருந்தன.

ஜூன் 19, இரவு 8.20

"அப்படியென்றால் கோபம், பயம் வந்தால் வயிறு கெடுவது?" ஆமாம், அந்த மேல்பிடிதான். 1896 டிசம்பரில் ஹார்வர்டில் முதலாண்டு மருத்துவ மாணவராக இருந்த வால்டர் கேனன், ஒரு பெருவாத்து விழுங்குவதை எக்ஸ்ரேயில் காட்டினார். எக்ஸ்ரே கண்டுபிடித்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. பிறகு பூனைகளுக்கு பிஸ்மத் உப்பு கலந்த சாப்பாடு கொடுத்து இரைப்பை அலைகளைப் பார்த்தார். பூனை குர்குர் என்று சுகமாக இருந்தால் அலை ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். கட்டிவைத்ததில் எரிச்சல் வந்து திமிறினால் அலை சட்டென்று நிற்கும். தடவிச் சமாதானம் செய்தால் மறுபடி வரும்.

முயல் வளர்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். முயலுக்குப் பெருங்குடலின் நடுவில் நரம்பு அடர்ந்த ஒரு சிறு தடிப்பு இருக்கிறது. முயல் இனத்தைத் தவிர வேறு விலங்கு எதற்கும் கிடையாது. கெட்டிப் புழுக்கை போவதா, முயல் திரும்பத் தின்னும் மென்புழுக்கை போவதா என்று நேரம் பார்த்துக் குடலின் ஆட்டத்தை மாற்றுவது அதுதான். நாய் துரத்தி, வண்டியில் ஏற்றி, வெயிலில் வைத்து பயப்படுத்தினால் குடல் நின்றுவிடும். முயலால் வாந்தியும் எடுக்க முடியாது. புழுக்கை அரை நாள் நின்றால் காத்திருக்க வேண்டாம், உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள்.

ஜூன் 20, காலை 7.10

பூச்சிமருந்து அடித்த சோளத்தட்டையைத் தின்ற மாட்டுக்கு வாயில் எச்சில் ஒழுகி, கழிச்சல் பிய்த்துக்கொண்டு போவதும் இந்த வலைதான். அந்த மருந்துகள் அசிட்டைல்கோலின் சிதையாமல் தடுத்துவிடும், தூண்டும் பக்கம் ஓயாது. ஊமத்தை தின்றால் எதிர்ப்பக்கம்: வாய் காயும், கண்பாவை விரியும், வயிறு ஓசையற்றுப் போகும். ஊமத்தையில் இருக்கும் அட்ரோபின்தான் முதல் கேஸுக்கு நாங்கள் ஊசியில் போடும் மருந்து. பார்த்தீனியத்தைப் பிடுங்கும் கையோடு வேலியோர ஊமத்தையையும் பிடுங்கிப் போடுங்கள்.

ஜூன் 22, ஞாயிறு, மாலை 4.30

கேள்வி கேட்டவர் இன்று மறுபடி கடைக்குப் போய், குடலின் கடைசிப் பகுதி வாயைப் பார்த்துப் பின்னோக்கி நெளிந்ததாக எழுதியிருக்கிறார். கண் ஏமாற்றவில்லை. கோழியின் பின்குடல் அலை பெரும்பாலும் பின்னோக்கித்தான் ஓடும். கோழிக்குச் சிறுநீர் தனி வழி கிடையாது. மலத்துவாரப் பையில் விழும் சிறுநீரைப் பின்னால் ஏற்றி இரட்டைக் குருட்டுக்குடல் வரை கொண்டுபோய் நீரை உறிஞ்சிக்கொள்கிறது. தீனியை அரைக்கும் அரைவைப்பைக்கும் சிறுகுடல் தொடக்கத்திலிருந்து கூழ் அவ்வப்போது திரும்பி வரும், மறுபடி அரைக்கப்படும். அரைவைப்பையின் மெல்லிய தசை ஒரு ஜோடி, தடித்த தசை ஒரு ஜோடி, நடுவே சிறுகுடலின் தொடக்கம். இவை முறை வைத்துச் சுருங்குகின்றன, முறையைக் காப்பது இவற்றை இணைக்கும் சுவர் நரம்புகள்.

அடுத்த ஞாயிறு போனால் இரண்டு இடம் பாருங்கள். அரைவைப்பையைக் கழுவித் துடைத்துவிட்டு, மேலே பளபளக்கும் சவ்வை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். அவர்பாக் வலை கோழியில் அங்கே வெளிப்பரப்பை ஒட்டியே ஓடுகிறது, நரை இழைகளாகத் தெரியும். அப்புறம் பின்குடலை முதுகோடு கட்டியிருக்கும் மெல்லிய சவ்வை விரியுங்கள். குடலுக்கு இணையாக ஒரு வெள்ளை நூல் போகும். ரீமாக் நரம்பு, பறவைக்கு மட்டும் உரியது, நெடுக நரம்பு முடிச்சுகள் கோத்தது. அறுக்கும்போது அது அறுந்துவிடும், கடைக்காரரிடம் குடலைச் சவ்வோடு சேர்த்து மெல்ல எடுத்துத் தரச் சொல்லுங்கள்.